பழைய சத்தமும் மூன்றாவது ஓட்டையும்

போன ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போயிருந்தோம். நானும் என் நண்பன் பொன்ராஜும். வீட்டில் வைத்து வாசிக்க ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டும். பட்ஜெட் சின்னது. ஆசை பெரியது. பெட்டி புதுசாக இருக்கலாம், ஆனால் சத்தம் அந்தக் காலத்துச் சத்தமாக இருக்க வேண்டும்!

கடையில் இருந்த பெண் பொறுமைசாலி. நாலைந்து பெட்டிகளை வரிசையாக எடுத்து வைத்தார். எந்த மாதிரிப் பாட்டு வாசிப்பீர்கள், ரூம் எவ்வளவு பெரிசு என்றெல்லாம் விசாரித்தார். பொன்ராஜ் அதற்குள் முதல் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, வயரை இழுத்து, பிளக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்களை எண்ணினான். மூன்று. அடுத்த பெட்டிக்குப் போனான். மறுபடியும் பிளக்.

“சார், வர்றவங்க எல்லாம் ஸ்பீக்கரைப் பார்ப்பாங்க, பிராண்டைப் பார்ப்பாங்க. பிளக்கைப் பார்த்த முதல் ஆள் நீங்கதான்” என்றார் அந்தப் பெண்.

பொன்ராஜ் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். சொல்வது கொஞ்சம் கஷ்டம். ஏனென்றால் இந்தக் கதையில் தப்பு செய்தவன் நான். அதுவும் நான் எழுதும் இதே பத்திரிகைப் பத்தியில், உங்கள் எல்லோருக்கும் முன்னால், பெருமையோடு செய்தேன்.

சித்திரையில் நான் எழுதியதைப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ‘காரியாபட்டியில் ஒரு பொக்கிஷம்’ என்று ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக ஒரு தடவை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் தொழில் காலண்டர். வீடு விருதுநகர், ஆபீஸ் சிவகாசி, நடுவில் பஸ். ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பேன். இப்போது கஸ்டமர்கள் அதிகமாகக் கேட்பது ‘ஆன்டிக் லுக்’. அதாவது, பளபளப்பான புதுத் தாளில் லேசாகப் பழுப்பு ஷேடு கொடுப்போம். ஓரம் கரையான் அரித்த மாதிரி டிசைன் போடுவோம். மடிப்பு விழுந்த மாதிரி ஒரு கோட்டைக்கூட அச்சிலேயே ஏற்றிவிடுவோம். பார்க்கிறவர்கள் விரலால் தடவிப் பார்த்து, “அடடா, பழைய களை!” என்பார்கள். மெஷினை விட்டு இறங்கி ஒரு வாரம்தான் ஆகியிருக்கும்.

இப்படி வருஷம் முழுக்கப் புதுசைப் பழசாக்கி விற்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. மற்றவர்கள் விற்கும் ‘பழசு’ எதையும் நம்ப மாட்டான்.

கடைகளில் சின்னச் சின்ன புது ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கின்றன. முன்பக்கம் பழைய ரேடியோ மாதிரி துணி, கிரீம் கலரில் திருகுகள், மேலே தோல் கைப்பிடி. ‘வின்டேஜ்’ என்று எழுதியும் இருக்கும். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம தொழில் நமக்குத் தெரியாதா? எனக்கு வேண்டியது அசல். வால்வு உள்ளது. வால்வு என்றால், பழைய ரேடியோவுக்குள் சிவப்பாகக் கனன்று கொண்டிருக்குமே கண்ணாடிக் குழல், அதுதான். அது வழியாக வரும் கிட்டார் சத்தத்துக்கு ஒரு கனம் உண்டு. காதைக் குத்தாது. ஓரமெல்லாம் மழுங்கி, நெய் விட்ட மாதிரி இறங்கும்.

காரியாபட்டியில் ஒருவர், ஒரு காலத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டவர், குடோனைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். மூலையில் இருந்தது அந்தப் பெட்டி. பலகைக் கூடு, சாம்பல் நிற இரும்புச் சட்டம், கைவேலையாகச் செய்த அசெம்பிள் செட். பிளக்கில் இரண்டே பின். ஏன் இரண்டு என்று கேட்டேன். அந்தக் காலத்தில் எல்லாமே இரண்டுதான், அதுதான் ஒரிஜினல் என்றார். ஒரிஜினல் என்ற வார்த்தை போதாதா எனக்கு? ஒரு நடுத்தர செல்போன் விலைக்குப் பேசி, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன்.

வீட்டில் போட்டதும் அரை நிமிஷம் மௌனம். பிறகு வால்வு சூடேறி ‘ம்ம்ம்ம்ம்…’ என்று ஒரு ரீங்காரம் எழுந்தது. எனக்குப் புல்லரித்தது. தம்பூரா வைத்த மாதிரி இருக்கிறதே! கம்பியைத் தொட்டால் ரீங்காரம் லேசாக அடங்கும், விட்டால் எழும். ‘தொட்டால் அடங்கும் குழந்தை மாதிரி’ என்று அந்தப் பத்தியில் எழுதினேன். கம்பியில் விரல் வைத்தால் லேசாக ஒரு ‘சுர்ர்’ இருக்கும். அதை ‘உயிர்’ என்று எழுதினேன். இதையெல்லாம் இப்போது திரும்பப் படித்தால் உடம்பு கூசுகிறது.

என் மனைவி செல்வி அப்போதே சொன்னாள். “கிட்டாரைத் துடைக்கையில கை சுர்ருங்குது. என்னன்னு பாருங்க.”

நான் பார்க்கவில்லை. அது அந்தக் காலத்துச் சாமான், அதன் குணமே அப்படித்தான் என்று விளக்கம் சொன்னேன்.

பாருங்கள், பழசு என்றால் நமக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு வந்துவிடுகிறது! பழைய ஸ்கூட்டர் பத்து உதை உதைத்தும் ஸ்டார்ட் ஆகவில்லையா… ‘அதோட குணம்.’ புது ஸ்கூட்டர் இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஷோரூமில் போய்ச் சண்டை. பழைய கடிகாரம் தினமும் அரைமணி நேரம் பிந்தினால் அழகு. வயசான சில பெரிய மனிதர்களின் வாய்க்கும் இதே சலுகைதான். ரிப்பேர் என்று சொல்ல வேண்டியதைக் குணம் என்று சொல்லிவிட்டால் செலவு மிச்சம்.

சரி, பொன்ராஜுக்கு வருகிறேன்.

பொன்ராஜ் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். அவன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் காட்டு வேலைக்குப் போனவர்கள். இவன் பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஆலைக்குள் போனான். ஆனால் எனக்கு அவனைத் தெரிந்தது ஆலையால் இல்லை. இருபது வயதில் நாங்கள் இருவரும் ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தோம். கோயில் பொங்கல் சாட்டிய ஊர்களில் எல்லாம் மேடை ஏறினோம். அவன் லீட் கிட்டார், நான் ரிதம். அதாவது, ஜனங்கள் கை தட்டியது அவனுக்கு, கூடவே நின்று வணங்கியது நான். குழு கலைந்தபோது அவன் கிட்டாரை விற்றுவிட்டான். அதற்குப் பிறகு கரண்டு போட்ட கிட்டாரில் அவன் கை படவே இல்லை.

அவனுக்காகத்தான் அந்த ஆம்ப்ளிஃபயரை வாங்கினேன் என்று சொன்னால் பொய். பாதி உண்மை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, அவன் லீட் வாசிக்க, பின்னால் நான் ரிதம் போட வேண்டும் என்று பல வருஷமாக ஆசை. பங்குனியில் பெட்டி வந்தது. அவனுக்கோ ஞாயிற்றுக்கிழமையும் வேலை. ஒருவழியாக ஆனி மாதம் ஒரு ஞாயிறு ஓய்வு கிடைத்து வந்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பட்டாசு ஆலையில் வெடிமருந்து இருக்கும் ரூமுக்குள் நுழைவதற்கு முன்னால் வாசலில் ஒரு உலோகத் தகடு இருக்கும். பூமிக்குள் போகும் கம்பியோடு அதை இணைத்திருப்பார்கள். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் அதை உள்ளங்கையால் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். சின்னப் பொறிகூட வரக்கூடாத இடம் அல்லவா? நம்முடைய உடம்பே பொறி கொடுக்கும் என்பது வெளியில் இருக்கிற நமக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியும்.

பொன்ராஜுக்கு இது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. எங்கே போனாலும், முக்கியமான எதையும் தொடுவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கும் இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொள்வான். கல்யாண வீட்டில் மொய் எழுதும் முன் மேஜைக் காலைத் தொடுவதைப் பார்த்திருக்கிறேன். பேரனைத் தூக்குவதற்கு முன்னால் ஜன்னல் கம்பியைத் தொட்டதாக அவன் மனைவி சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அன்றைக்கும் அப்படித்தான்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தான். செல்வி அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்திருந்தாள், ஈரம் காயவில்லை. ஆம்ப்ளிஃபயர் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. நான் கிட்டாரை எடுத்து நீட்டினேன். அவன் உடனே வாங்கவில்லை. கையை வேட்டியில் துடைத்தான். கிட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அது அவ்வளவு பெரிய காரியம்.

எங்கள் முன்னறை மூலையில் மாடித் தொட்டிக்குப் போகும் போர்வெல் தண்ணீர் பைப் ஒன்று இறங்குகிறது. இரும்புப் பைப். நேராகப் பூமிக்குள் போவது. பொன்ராஜ் வலது கையால் அந்தப் பைப்பைத் தொட்டான். தொட்ட கையை எடுக்காமலே, இடது கையால் என்னிடமிருந்து கிட்டாரின் கழுத்தைப் பிடித்து வாங்கினான். விரல்கள் கம்பியில் பதிந்தன.

சத்தம் எதுவும் வரவில்லை. அதுதான் பயங்கரம். அவன் கத்தவில்லை. தோள் இரண்டும் மேலே ஏறி, வாய் இறுகி, கண் என்னையே பார்த்தபடி நின்றான். விளையாடுகிறான் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் கை நடுங்குவது தெரிந்தது. பிடித்த கை விடவில்லை. நான் அவனைப் பிடித்து இழுக்கக் கை நீட்டினேன்.

“தொடாதீக” என்றாள் செல்வி. அடுப்படி வாசலில் நின்றாள். இரண்டு எட்டில் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

ஃபேன் நின்றது, ரீங்காரம் நின்றது, கிட்டார் தரையில் விழுந்தது. பொன்ராஜ் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். மூன்று அல்லது நான்கு விநாடிதான் இருக்கும் எல்லாம். அந்த மூன்று நான்கு விநாடி எனக்கு இன்னும் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்துக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆனால் இடது கையில் மூன்று விரல்களில், கம்பி பட்ட இடத்தில், கறுப்பாகக் கோடு விழுந்திருந்தது. பென்சிலால் போட்ட மாதிரி மெல்லிய கோடுகள். அதைப் பார்த்துக்கொண்டே அவன் மெதுவாகச் சொன்னான்.

“இருவத்தெட்டு வருசமா மருந்து ரூம்ல ஒரு கொப்புளம் வாங்கல அண்ணாச்சி. பாட்டு வாசிக்க வந்து வாங்கிட்டேன்.”

கோபமே இல்லாமல் சொன்னான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து பெட்டியைப் பிரித்தார். உள்ளே கண்டென்சர் என்கிற ஒரு பழைய பாகம் கசிந்து, கரண்டு இரும்புச் சட்டத்துக்கு வந்து, அங்கிருந்து வயர் வழியாகக் கிட்டார் கம்பிக்கு வந்திருக்கிறது. நான் ‘உயிர்’ என்று எழுதினேனே, அது நிஜமாகவே உயிர் எடுக்கிற சமாசாரம். அந்தத் தம்பூரா ரீங்காரமும் அதே குடும்பம்தான். மூன்று மாதம் எனக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் என் அதிர்ஷ்டமும் ரப்பர் செருப்பும். முட்டி வலிக்காக நான் வீட்டுக்குள் செருப்புப் போடுகிறவன். ஒழுங்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒழுங்காக இரும்பைத் தொட்டுவிட்டு வந்தவனுக்குத்தான் அடி. பாதுகாப்புக்காகப் பழகிய பழக்கமே அன்று அவனைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

சரி, மூன்று பின் பிளக்காக இருந்திருந்தால் தப்பித்திருப்போமா என்று கேட்டேன். எலக்ட்ரீஷியன் எங்கள் சுவிட்ச் போர்டைக் கழற்றினார். பிளக் பாயிண்டில் மேலே பெரிதாக ஒரு ஓட்டை இருக்கிறதே, கசியும் கரண்டை மண்ணுக்கு அனுப்புகிற எர்த் பின்னுக்கான மூன்றாவது ஓட்டை… அதற்குப் பின்னால் வயரே இல்லை.

வீடு கட்டின நாளிலிருந்தே இல்லை. ஓட்டை இருக்கிறது, பித்தளை இருக்கிறது, வயர் மட்டும் இல்லை. சும்மா அழகுக்கு! இதில்தான் ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. இதில்தான் வாஷிங் மெஷின். இதில்தான் செல்வி தினமும் ஈரக்கையோடு மிக்ஸி போடுகிறாள். நான் என்னவோ உலகத்தில் போலியைக் கண்டுபிடிக்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரைப் பத்தியைப் படித்துவிட்டு அந்தக் காரியாபட்டிக்காரர் நம்பரைக் கேட்டவர்களில் நாலு பேருக்கு நான் கொடுத்திருந்தேன். நாலு பேரையும் கூப்பிட்டுப் பேசினேன். மூன்று பேர் போகவே இல்லை. ஒருவர் ஒரு பெட்டி வாங்கியிருந்தார். அவரிடம், பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், விவரம் பிறகு சொல்கிறேன் என்றேன். “ஆமா சார், அதுலயும் லேசா உயிர் இருக்கு” என்றார் சந்தோஷமாக.  அவர் பெட்டியையும் திறந்து பார்த்துச் சரி செய்த பிறகுதான் தூங்கினேன். குடோன்காரரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். அவருக்கும் தெரியாது பாவம். மிச்சம் இருந்ததை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டார்.

பொன்ராஜ் ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. சீசன் சூடு பிடிக்கிற நேரம். விரல் புண்ணோடு மருந்து ரூமுக்குள் விடமாட்டார்கள். ஃபோர்மேனுக்கு வீட்டில் கரண்டு அடித்ததாம் என்று ஆலையில் சிரித்திருக்கிறார்கள். பிறகு புண் ஆறியது, வேலைக்குப் போனான். ஆனால் என் வீட்டுக்கு வரவில்லை. போன் போட்டால் ஆலையில் லோடு அதிகம் என்பான். அடுத்த வாரம் பார்ப்போம் என்பான். ஆறு ஞாயிறு போய்விட்டது.

லோடு இல்லை என்று எனக்குத் தெரியும். கிட்டார் என்று நினைத்தாலே கை சுருங்குகிறது அவனுக்கு. நேரில் பார்க்கப் போனேன். காபி கொடுத்த கையோடு அவன் மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

“அண்ணாச்சி, நீங்க எப்பவும் போல வாங்க போங்க. கிட்டார் பேச்சு மட்டும் வேண்டாம்.”

நியாயம்தானே? தலையை ஆட்டிவிட்டு வேறு என்னென்னவோ பேசினேன். பேச்சுவாக்கில், வீட்டுக்கு எர்த் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். எலக்ட்ரீஷியன் வாசலில் ஒரு கம்பியை அடித்து வயரை இழுத்துவிட்டார் என்றேன். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பொன்ராஜ் நிமிர்ந்தான்.

“சும்மா கம்பிய அடிச்சாரா? குழி தோண்டலியா?”

இல்லை என்றேன்.

“கரி, உப்பு எதுவும் போடலியா?”

அதுவும் இல்லை.

“நம்ம ஊரு மண்ணு காஞ்ச மண்ணு அண்ணாச்சி. வெறும் கம்பிய நட்டு வச்சா என்னத்துக்கு ஆகும்? தண்ணி ஊத்துறீகளா?”

எர்த்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பொன்ராஜ் மனைவியைப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்தார். அரைகுறை எர்த் ஒன்று ஒரு இடத்தில் கிடக்கிறது என்று தெரிந்த பிறகு ஒரு பட்டாசு ஆலை ஃபோர்மேன் எப்படி வீட்டில் உட்கார்ந்திருப்பான்? அது அவருக்கும் தெரியும். பெருமூச்சு விட்டுக்கொண்டு டம்ளரை எடுத்துப்போனார்.

அடுத்த ஞாயிறு வந்தான். கிட்டாருக்காக இல்லை, குழிக்காக. கூடவே ஆலை எலக்ட்ரீஷியனையும், எர்த் பார்க்கிற மீட்டரையும் கூட்டிவந்தான். வாசலில் ஆள் ஆழத்துக்குக் குழி. பைப்பை இறக்கி, கரி ஒரு வரிசை, உப்பு ஒரு வரிசை என்று மாற்றி மாற்றிக் கொட்டினார்கள். தண்ணீர் ஊற்ற மேலே ஒரு புனல். வீட்டு போர்டுகள் எல்லாவற்றுக்கும் பச்சை வயர். கரண்டு கொஞ்சம் கசிந்தாலும் தானாக விழுந்துவிடும் டிரிப்பர் ஒன்று மெயினில். மீட்டரை வைத்துப் பார்த்து, திருப்தி இல்லாமல் இன்னும் இரண்டு குடம் ஊற்றச் சொல்லி, மறுபடியும் பார்த்தான். ஆம்ப்ளிஃபயரின் செலவை எர்த் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை நான்.

கிளம்பும்போது அவனாகவே கேட்டான், அந்தப் பழைய பெட்டி எங்கே என்று. பிரித்துப் போட்டாகிவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றான். பிறகு, “புதுசு ஒண்ணு பாப்பமா?” என்றான்.

அப்படித்தான் மதுரைக்குப் போனோம்.

பிளக் பரிசோதனை முடிந்ததும் அவன் கடைக்குள் அடி வைத்து அளக்க ஆரம்பித்தான். எதற்கு என்று கேட்டேன். பட்டாசுச் சத்தத்தை நாலு மீட்டர் தள்ளி வைத்துத்தான் அளப்பார்களாம். ஏலே, என் முன்னறையில் நாலு மீட்டர் போனால் பக்கத்து வீட்டு அடுப்படி வந்துவிடும் என்றேன். கடைப் பெண்ணும் அதையேதான் சொன்னார். வீட்டில் எவ்வளவு தூரத்தில் உட்காருவீர்களோ அங்கே உட்காருங்கள், எவ்வளவு சத்தம் வைப்பீர்களோ அவ்வளவே வையுங்கள். பெரிய வாட்ஸ் பெட்டியைக் கால்வாசியில் வைத்தால் அதன் ருசியே தெரியாது. சின்னப் பெட்டிதான் வீட்டுக்கு அழகு. காசு கொடுத்தால் சத்தம் அதிகம் வேண்டும் என்று நினைக்கிற ஊர்க்காரன் எனக்கு, இது கொஞ்சம் புதுப்பாடம்.

கடைசியில் இரண்டு பெட்டி மிஞ்சின. ஒன்று வால்வு உள்ளது, விலை எட்டாத உயரம். இன்னொன்று வால்வே இல்லாத சின்னது, நான் சிரித்தேனே அதே கிரீம் கலர் திருகு, துணி முகப்பு. என்னைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணே இரண்டிலும் மாற்றி மாற்றி வாசித்தார். கண்ணை மூடிக் கேட்டேன். இரண்டாவதில் அந்தக் கனம் இருந்தது, நெய் இருந்தது. இதுதான் அசல் வால்வு, சந்தேகமே இல்லை என்றேன்.

திரும்பிப் பார்த்தால்… கிரீம் கலர் திருகு.

புதுத் தாளைத் தடவிப் பார்த்து ‘பழைய களை’ என்று சொல்லும் என் கஸ்டமர்களிடம், மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பெட்டியைக் கட்டச் சொன்னோம்.

சாயங்காலம் வீடு வந்தோம். மூன்று பின்னையும் சொருகி, போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தமே இல்லை. கெட்டுப்போனதோ என்று காதை வைத்துப் பார்த்தேன், அவ்வளவு அமைதி. நானே கிட்டாரை எடுத்து இரண்டு தட்டு தட்டினேன். ரீங்காரம் இல்லாததால் என் ரிதத்தின் லட்சணம் முதல்முறையாக எனக்கே கேட்டது. அது இருக்கட்டும்.

பொன்ராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் வந்து நின்றான். கண் கிட்டாரில் இல்லை, மூலையில் இருக்கும் பைப்பில் இருந்தது. வலது கை லேசாக எழுந்து, திரும்ப இறங்கியது. பைப்பைத் தொடாமல் கிட்டாரைத் தொட அவனுக்கு வராது. பைப்பைத் தொட்டுவிட்டுக் கிட்டாரைத் தொட தைரியம் வராது. இருபத்தெட்டு வருஷம் அவனைக் காப்பாற்றிய ஒரு பழக்கத்தை நான் இப்படி ஆக்கி வைத்திருக்கிறேன்.

அவன் ஒரு தடவை சொன்னது ஞாபகம் வந்தது. காலையில் மருந்து ரூமைத் திறந்ததும் முதலில் உள்ளே போகிறவன் ஃபோர்மேன்தான். அவன் போய்ப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் காலெடுத்து வைக்க வேண்டும்.

நான் என் ரப்பர் செருப்பைக் கழற்றினேன். வெறுங்காலோடு மூலைக்குப் போய் வலது கையால் பைப்பைப் பிடித்தேன். மீட்டர் சொன்னது, டிரிப்பர் இருக்கிறது, எல்லாம் தெரியும். இருந்தாலும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இடது கையின் ஐந்து விரலையும் கம்பிகளின் மேல் வைத்து அழுத்தினேன். அப்படியே நின்றேன்.

ஒன்றும் இல்லை. சுர்ர் இல்லை. குளிர்ந்த கம்பி, அவ்வளவுதான்.

“போதும் அண்ணாச்சி, குடுங்க” என்றான் பொன்ராஜ்.

பைப்பைத் தொட்டான். தொட்ட கையை எடுக்காமலே, அன்றைக்குப் போலவே, இடது கையால் கிட்டாரின் கழுத்தைப் பிடித்தான். விரல்களில் அந்தக் கோடுகள் இன்னும் லேசாகத் தெரிகின்றன. பிறகு உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தான். முதல் பத்து நிமிஷம் தடவினான். பிறகு கை பழைய வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது. நான் ரிதம் போட மறந்து உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததை மறைக்கவில்லை.

வாசலில் செல்வி எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாரா வாரம் அவள்தான் ஊற்றுகிறாள். அந்த வேலையை என்னை நம்பி விட முடியாதாம்.

வின்டேஜ் சத்தம் வேண்டும் என்கிறவர்களுக்கு என் சிபாரிசு ஒன்றே ஒன்றுதான். எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் வாங்குங்கள்… வாங்குவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டு மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்!